வெள்ளையும் காவியும்: ஒரு சுவரின் இரு நிறங்கள்

வீடு கட்டும் குடும்பம் அஸ்திவாரத்துக்கும் கம்பிக்கும் மாதக்கணக்கில் கணக்குப் பார்க்கிறது. சுவரின் நிறத்தை மட்டும் பெயிண்ட் கடையில் ஷேட் கார்டைப் புரட்டி அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறது. நிறம் அவரவர் ரசனையைப் பொறுத்தது, அதில் ஆராய ஒன்றுமில்லை என்ற எண்ணமே இந்த அவசரத்துக்குக் காரணம். ஆனால் வெயில் மிகுந்த ஒரு நிலத்தில் சுவர் எவ்வளவு வெப்பத்தை உள்ளே கடத்துகிறது, அறைக்குள் நுழையும் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது, மழையில் தெறிக்கும் சேற்றை எப்படித் தாங்குகிறது என்பவை யாவும் நிறத்தோடும் அந்த நிறத்தைத் தரும் பொருளோடும் பிணைந்திருப்பதால், நிறத் தேர்வும் கட்டுமானத்தின் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும்.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் இணை, தமிழ்நாட்டுச் சுவர்களில் காலங்காலமாக அருகருகே நின்றுவரும் வெள்ளையும் காவியும். வெள்ளை என்பது இங்கே சுண்ணாம்பின் வெண்மையையும், பிற்காலத்தில் அதன் இடத்தைப் பிடித்த எமல்ஷன் வெள்ளையையும் சேர்த்தே குறிக்கிறது. காவி என்பது இரும்பு ஆக்சைடு செறிந்த மண்ணிலிருந்து கிடைக்கும் செம்பழுப்பு. ஆரஞ்சுச் சாயல் கொண்ட இன்றைய காவித் துணியின் நிறத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, மற்றொன்று பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. இவ்விரண்டில் எது அழகு என்று கேட்பதைவிட எது எங்கே நிற்க வேண்டும் என்று கேட்பதே பயன் தரும். பழைய வீடுகளைக் கட்டியவர்கள் அந்தக் கேள்விக்குத் தந்த விடை இன்னமும் செல்லுபடியாகிறது.

இவ்விரு நிறங்களின் பழமை பாறைகளிலேயே தெரிகிறது. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் செங்காவியால் தீட்டப்பட்ட பாறை ஓவியங்கள் உள்ளன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியில் உள்ளவை வெண்ணிறத்தில் தீட்டப்பட்டவை. கோயில் மதில்களில் இவை மாறிமாறி வரும் பட்டைகளாக நிற்கின்றன. வாசலில் அரிசி மாவுக் கோலமாகவும் அதைச் சுற்றி இடும் காவியாகவும் நிற்கின்றன. வீட்டுக்குள் வந்தால் வெள்ளைச் சுவரும் அதன் அடியில் விரியும் ரெட் ஆக்சைடு தரையுமாக நிற்கின்றன. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கம் இந்த இணை பெரிய அளவில் அமைந்திருக்கிறது: 1913-இல் கட்டி முடிக்கப்பட்ட ரிப்பன் மாளிகை முழு வெள்ளையாகவும், அதை அடுத்து நிற்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு விக்டோரியா பொது மண்டபம் செங்கல் சிவப்பாகவும் காட்சி தருகின்றன. வெயில் நேரத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, வெள்ளைச் சுவரில் ஒவ்வொரு வளைவின் நிழலும் கோடு கிழித்தாற்போலத் துல்லியமாகத் தெரிவதும், சிவப்புச் சுவரில் நிழல்கள் நிறத்தோடு கரைந்து கட்டடம் ஒரே திரளாகத் தோன்றுவதும் புலப்படும். வேலைப்பாடு உள்ள சுவருக்கு வெள்ளையும், வேலைப்பாடில்லாத பெரும்பரப்புக்குக் கனம் தரக் காவியும் பொருந்துவது இதனால்தான்.

சுண்ணாம்பு செய்யும் வேலை

சுண்ணாம்பு கல்லில் தொடங்கிக் கல்லிலேயே முடிகிறது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் அது கொதித்து நீறுகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகுகிறது. வெள்ளையடித்த சுவர் என்பது ஆகவே மெல்லிய கல் தோல் போர்த்திய சுவர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டுக் குகைக்கோயிலின் கல்வெட்டு, அக்கோயில் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவும் இன்றி ஆக்கப்பட்டதெனக் கூறுகிறது. சுதை எனப்படும் சுண்ணாம்புச் சாந்து அக்காலத்திலேயே கட்டடக்கலையின் அடிப்படைப் பொருள்களில் ஒன்றாக எண்ணப்பட்டதற்கு இதுவே சான்று. அதை இழைத்து இழைத்துப் பளிங்குபோல் ஆக்கும் கலையின் உச்சத்தை, முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் இன்றும் தொட்டுப் பார்க்கலாம்.

சாதாரண வெள்ளையடிப்பு அவ்வளவு நுட்பமானதன்று. ஆயினும் அதற்கும் ஒரு பக்குவம் உண்டு. நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, பிடிப்புக்குச் சிறிது பசையோ கல் உப்போ சேர்த்து, கடைசியில் துளி நீலம் கலந்து, நார் மட்டையால் அடிப்பது வழக்கம். நீலம் சேர்ப்பதற்குக் காரணம், சுண்ணாம்பில் இயல்பாக உள்ள மெல்லிய மஞ்சள் சாயலை நீலம் அடக்கிச் சுவரைப் பளிச்சென்று காட்டுவதே. மட்டை சுவரில் பட்ட உடனே வெள்ளை தெரிவதில்லை. ஈரத்தில் பூச்சு கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிய, கீழேயுள்ள கறையும் விரிசலும் அப்படியே இருப்பதுபோல் தோன்றும். ஈரம் வற்ற வற்றத்தான் உள்ளிருந்து வெண்மை எழுந்து வரும். வேலை பழகாதவர் அந்த இடைவெளியில் பொறுமையிழந்து கெட்டியாக இன்னொரு கை பூசிவிடுவார். அப்படித் தடித்த பூச்சு சில மாதங்களிலேயே செதில் செதிலாக உரியும். கைதேர்ந்தவர் மோர்போல் நீர்த்த கலவையை இரண்டு, மூன்று முறை அடிப்பார்.

சுண்ணாம்புப் பூச்சின் இன்னொரு குணம், அது ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியே விடுவது. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தை ஓதம் என்பார்கள். சுவரின் மேல் நீராவி புகாத பிளாஸ்டிக் படலம்போன்ற பூச்சு இருந்தால் ஓதம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, சுவரிலுள்ள உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்து, பூச்சைப் பொரிய வைத்து உதிர்க்கும். பழைய செங்கல் வீட்டில் எவ்வளவு விலையுயர்ந்த எமல்ஷனை அடித்தாலும் முழங்கால் உயரத்தில் மீண்டும் மீண்டும் உப்புப் பூப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குற்றம் பெயிண்டர் மேல் விழுந்தாலும், பிழை சுவருக்குப் பொருந்தாத பூச்சைத் தேர்ந்ததில் இருக்கிறது.

இரும்பின் நிறம்

காவியின் நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருகிறது. எளிமையாகச் சொன்னால் அது துருவின் உறவுப் பொருள். நீர் பிணைந்த இரும்பு ஆக்சைடு மஞ்சள் காவியாக இருக்கும். அதை நெருப்பில் வாட்டினால் நீர் நீங்கிச் செங்காவியாக மாறும். ஏற்கெனவே ஆக்சிஜனோடு முழுமையாகச் சேர்ந்துவிட்ட பொருளாகையால் வெயிலோ மழையோ அதை மேலும் மாற்றுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. கரிம வேதிப்பொருள்களால் ஆன பளீர்ச் சிவப்புகள் பல சில கோடைகளிலேயே வெளிறிவிடுகையில், இரும்புக் காவி பல ஆண்டுகள் நிறம் மாறாமல் நிற்பதற்கும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையில் உருவங்கள் எஞ்சியிருப்பதற்கும் காரணம் ஒன்றே.

வெள்ளையும் காவியும் ஏன் இணைந்தன என்ற கேள்விக்குத் தத்துவ விளக்கங்கள் பல சொல்லப்படுவதுண்டு. அவை ஒருபுறம் இருக்க, வேதியியல் தரும் விளக்கம் ஒவ்வொரு வீட்டிலும் கண்ணெதிரே நிகழ்வது. ஆரத்திக்கு மஞ்சள் நீர் கரைத்து அதில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தவுடன் நீர் குருதிச் சிவப்பாக மாறுகிறது. சுண்ணாம்பின் கடும் காரத்தன்மை மஞ்சளின் நிறத்தையே மாற்றிவிடுகிறது. பூவிலிருந்தும் பட்டையிலிருந்தும் எடுக்கும் சாயங்களில் பெரும்பாலானவை இவ்வாறே சுண்ணாம்புச் சுவரில் நிறம் திரியும் அல்லது வெளுத்துப்போகும். காவி அப்படித் திரிவதில்லை. சுண்ணாம்பின் காரம் இரும்பு ஆக்சைடை ஒன்றும் செய்வதில்லை என்பதால், எளிதில் கிடைத்த நிறங்களுள் சுண்ணாம்புச் சுவரோடு குடித்தனம் நடத்தத் தகுதி பெற்றது காவியே. பிற்காலத்தார் மரபு என்று போற்றும் இந்த இணை, தொடக்கத்தில் பொருள்களின் குணம் அறிந்தவர்கள் செய்த தேர்வு.

சுவரின் அடிப்பகுதியில் காவிப் பட்டை இடுவதிலும் இதே அறிவு தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் கூரை விளிம்பிலிருந்து விழும் நீர் மண்ணில் அறைந்து, செந்நிறச் சேற்றை ஒன்றரை, இரண்டு அடி உயரம்வரை சுவரில் தெறிக்கிறது. வெள்ளைச் சுவரில் அது அடுத்த பொங்கல்வரை ஆறாத கறை. காவியில் அது கண்ணுக்கே தெரியாது. திண்ணையில் சாயும் முதுகும், வாசற்படியில் உராயும் காலும், சுவரோரம் நிறுத்தும் மிதிவண்டியும் படும் இடங்கள் அனைத்தும் காவிக்கு ஒதுக்கப்பட்டன. கை எட்டாத உயரம் வெள்ளைக்கு விடப்பட்டது.

வெயில் நடத்தும் சோதனை

சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் ஒரு பரப்பு எத்தனை விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்பதைச் சூரிய எதிரொளிப்புத் திறன் என்பார்கள். புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. காவியில் இது அதன் அடர்த்தியைப் பொறுத்துப் பெரும்பாலும் 25 முதல் 40 விழுக்காட்டுக்குள் நிற்கிறது. கரித்தூள் கலந்த அடர் சாம்பலில் 10, 15 விழுக்காடு அளவுக்கே இறங்கிவிடுகிறது. உச்சி வெயிலில் வெள்ளைப் பரப்புக்கும் கரும் பரப்புக்கும் இடையே மேற்பரப்பு வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்கும் மேல் வேறுபடக்கூடும். அந்த வெப்பம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைக் கடந்து உள்ளே வரப் பல மணி நேரம் எடுத்துக்கொள்வதால், பிற்பகலில் காய்ந்த மேற்குச் சுவர் குடும்பம் படுக்கப் போகும் வேளையில்தான் அறையைச் சுடத் தொடங்குகிறது.

எந்தப் பரப்பில் எவ்வளவு வெயில் விழுகிறது என்பதும் இடத்தைப் பொறுத்தது. ஏறத்தாழ 13 டிகிரி வட அகலாங்கில் உள்ள சென்னையில், ஏப்ரல் இறுதியிலும் மீண்டும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. ஆகவே கோடையில் பெரும் சுமை மொட்டைமாடிக்கே. அடுத்த பங்கு காலை வெயிலை வாங்கும் கிழக்குச் சுவருக்கும் பிற்பகல் வெயிலை வாங்கும் மேற்குச் சுவருக்கும். தெற்குச் சுவர் அக்காலத்தில் ஓரளவு தப்பித்துக்கொள்கிறது. சுவரின் நிறத்தைப் பற்றி நெடுநேரம் விவாதிக்கும் குடும்பங்கள் மொட்டைமாடியின் நிறத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது வருந்தத்தக்கது. 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்த அகமதாபாத் மாநகரம், பின்னர் எளிய மக்கள் வாழும் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்க முனைந்ததற்குக் காரணம், குளிர்சாதனம் வாங்க இயலாத வீட்டுக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் நிவாரணம் அதுவே என்பதுதான்.

கருத்த சுவர் பகலில் சூடேறினாலும் இரவில் விரைவாகக் குளிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை ஒன்று பரவலாக உண்டு. அது தவறு. இரவில் சுவர் வெளிவிடுவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர். அதை வெளியிடும் திறனில் வெள்ளைப் பூச்சுக்கும் கரிய பூச்சுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பகலில் வாங்கிய கூடுதல் வெப்பம் கரிய சுவருக்குக் கூடுதல் கடனாகவே நிற்கிறது.

காவியின் சார்பில் சொல்ல வேண்டிய செய்தியும் இங்கே உண்டு. சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, அண்மை அகச்சிவப்பு எனப்படும் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களாக வருகிறது. இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நீலத்தையும் பச்சையையும் விழுங்கினாலும் இந்த அகச்சிவப்பில் கணிசமான பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கரித்தூளோ இரண்டையும் சேர்த்தே விழுங்குகிறது. பார்வைக்கு ஒரே அளவு இருண்டவையாகத் தோன்றினாலும், காவிச் சுவரைவிடக் கரிச் சாம்பல் சுவர் அதிகம் சுடும். குளிர்நாட்டுக் கட்டடங்களின் படங்களைப் பார்த்து, மதுரையிலும் வேலூரிலும் வீட்டு முகப்பு முழுவதையும் அடர் சாம்பலால் மூடுகிற இன்றைய மோகம், குளிரில் நடுங்குவோர்க்கு உதவும் கம்பளியைக் கத்திரி வெயிலில் போர்த்திக்கொள்வதற்கு ஒப்பானது. அடர்நிறம் வேண்டும் என்பவர் காவியைத் தேர்வதே மேல்.

வெள்ளைக்கும் குறை உண்டு. குறுகிய தெருவில் எதிரெதிரே நிற்கும் வீடுகளில் ஒன்று பளீர் வெள்ளையாக இருந்தால், அதன்மேல் பட்ட வெயில் எதிர்வீட்டுச் சன்னலுக்குள் பாய்ந்து கண்ணைக் கூசச் செய்யும். மழைக்காலத்தில் கைப்பிடிச் சுவரின் விளிம்பிலிருந்து வழியும் கரும்பாசிக் கோடுகளை வெள்ளை மறைக்காது. தூசி படியப் படிய அதன் எதிரொளிப்பும் குறையும். ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் வழக்கம் இந்தக் குறைக்குத் தீர்வாக இருந்தது. பத்து ஆண்டு உத்தரவாதம் என்று அடித்துவிட்டு மறந்துபோகும் வழக்கத்தில் அந்தத் தீர்வு இல்லை.

அறைக்குள் நிகழ்வது

உட்சுவரைப் பொறுத்தவரை கணக்கு வேறு. அங்கே வெப்பத்தைவிட வெளிச்சமே முதன்மை பெறுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு நிறம் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதைப் பூஜ்யம் முதல் 100 வரையிலான ஒளி எதிரொளிப்பு அளவால் குறிப்பார்கள். வெள்ளை 80-க்கு மேலும், அடர் காவி 20-க்குக் கீழும் நிற்கும். சன்னல் வழியே வந்த ஒளி வெள்ளை அறையில் சுவருக்குச் சுவர் பலமுறை எதிரொளித்து மூலைவரை சென்று சேர்கிறது. நான்கு பக்கமும் காவி அடித்த அறையில் இரண்டாவது மோதலிலேயே அடங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுச் சுவர் நான்கடி தூரத்தில் நிற்கும் நகர வீட்டில் காவி அறை என்பது பகலிலும் விளக்கெரியும் அறை.

ஒரு சுவருக்கு மட்டும் காவி அடிக்க விரும்புவோர் பெரும்பாலும் செய்யும் பிழை, சன்னல் உள்ள சுவரையே தேர்வது. வெளிச்சம் பொங்கும் சன்னலைச் சுற்றி இருண்ட சுவர் இருந்தால், இரண்டுக்கும் இடையிலான கடும் வேறுபாட்டைக் கண் தாங்க இயலாமல் கூசும். சன்னல் சுவர் வெள்ளையாக இருந்து, அதன் ஒளியை நேராக வாங்கும் எதிர்ச்சுவர் காவியாக இருப்பதே முறை. அப்போது காவியும் தன் முழுச் செழிப்போடு தெரியும். ஆனால் அந்தச் சுவரின் செம்மை, எதிரே உள்ள வெள்ளைச் சுவரிலும் அங்கே அமர்ந்திருப்பவர் முகத்திலும் சற்றே ஏறும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கூடத்தில் அது இதமாக இருக்கும். குழம்பின் நிறம் பார்த்துப் பதம் அறிய வேண்டிய அடுக்களைக்கு அது ஒவ்வாது.

அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதை விரிவாக ஆராய்ந்தவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் செவ்ரல். பாரிசில் உள்ள கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த அவரிடம், கருப்பு நூலின் சாயம் மங்கலாக இருப்பதாகப் புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, அதன் பக்கத்தில் உள்ள நிறங்களே அதை மங்கலாகக் காட்டுகின்றன என்று அவர் கண்டறிந்து, 1839-இல் அதைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஒரு நிறத்தின் அருகில் உள்ள பரப்பு, அந்த நிறத்துக்கு எதிரான சாயலை ஏற்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும் என்பது அதன் சாரம். சிவப்புக்கு எதிரானது நீலப்பச்சை. எனவே நீலம் கலந்த குளிர் வெள்ளையைக் காவிக்குப் பக்கத்தில் வைத்தால் அது மேலும் குளிர்ந்து, மருத்துவமனைச் சுவர்போல் வெறித்துத் தெரியும். காவியை ஒட்டி வரும் வெள்ளை, துளி மஞ்சள் சாயலுள்ள சுண்ணாம்பு வெள்ளையாக இருப்பதே நலம்.

அந்தி வேளையில் காவிக்கு நேர்வதையும் கவனிக்க வேண்டும். கண்ணின் விழித்திரையில் பகலொளியில் இயங்கும் கூம்பு செல்களும், மங்கிய ஒளியில் இயங்கும் கோல் செல்களும் உள்ளன. கோல் செல்களுக்குச் சிவப்பு ஏறத்தாழத் தெரிவதே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செக் அறிஞர் பூர்க்கின்யேயின் பெயரால் வழங்கும் இந்த விளைவின்படி, பொழுது சாயும்போது முதலில் இருள்வது சிவப்புதான். பகலில் எடுப்பாகத் தெரிந்த காவிப் படிக்கட்டு, விளக்கேற்றும் நேரத்தில் கருங்குழியாகிவிடும். முதியவர் ஏறி இறங்கும் வீட்டில் காவிப் படியின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டுவைப்பது அழகோடு பாதுகாப்பும் ஆகும்.

வாங்கும்போது

இன்றைய எமல்ஷன் வெள்ளையின் உயிர், டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் நிறமி. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் கனிமம் அதன் மூலப்பொருள்களில் ஒன்று. ஒளியை மிக வலுவாகச் சிதறடிப்பதால் ஓரிரு கோட்டிலேயே அது கீழ்நிறத்தை மறைத்துவிடுகிறது. சிமெண்ட் பூசிய புதிய சுவருக்கு, பட்டி பார்த்து இதை அடிப்பதில் தவறில்லை; சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய சுவருக்குச் சுண்ணாம்பே உரியது. சிவப்பு வாங்குபவர், நிறமி இரும்பு ஆக்சைடுதானா என்று கடையில் கேட்டு வாங்குவது அவசியம். பழைய பளீர்ச் சிவப்பு, மஞ்சள் எனாமல் பூச்சுகளில் ஈயச் சேர்மங்கள் இருந்திருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகாமல் கட்டுப்படுத்தும் இந்திய விதிகள் 2016-இல் வகுக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முற்பட்ட எனாமலைச் சுரண்டும்போது உலர்ந்த தூள் பறக்கவிடாமல் நனைத்துச் சுரண்டுவதும், குழந்தைகளை அப்பால் வைப்பதும் இன்றியமையாதவை.

சுண்ணாம்பு அடிப்பவர்கள் காலத்தையும் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு கல்லாக மாற ஈரமும் நேரமும் தேவை. சித்திரை வெயிலில் அடித்தால் நீர் சட்டென்று வற்றி, பூச்சு இறுகாமல் தூளாகவே நின்று, சாய்பவர் முதுகில் ஒட்டும். மழை ஓய்ந்து, வெயில் இன்னும் ஏறாத மார்கழிப் பிற்பகுதியே அதற்கு ஏற்ற பருவம். பொங்கலுக்கு முன் வெள்ளையடித்துக் காவிப் பட்டை இடுவது பண்டிகை வழக்கமாக நிலைத்தது அந்தப் பருவத்தில்தான்.